பானை ஓடு

ஜூன் 3, செவ்வாய்

அம்மா தண்ணீர்ப் பானையோடு விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வீட்டில் சிந்திய தண்ணீரைத் துடைத்தேன். ஓடுகளை மட்டும் சிங்க் அடியில் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

அம்மாவை எட்டு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போனார்கள். பதினொன்றரைக்குத்தான் வெளியே வந்தாள். கண் திறந்ததும் முதல் பேச்சு, "பானை போச்சாடா?" போகட்டும்மா என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

வாக்கரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமாம். அப்படியானால் கண்ணாடியும் போனும் எதில் போகும்? வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி அப்பாவின் குடையை எடுத்தேன். கம்பி மூன்று ஒடிந்திருந்தது, துணி அப்படியே இருந்தது. முனைத் தையல்களை பிளேடால் அறுத்து, எட்டு முக்கோணத்தில் இரண்டை எதிரெதிராக வைத்து, சாய்ந்த ஓரங்களை வெட்டினால் செவ்வகம் வந்துவிடுகிறது. மடித்து ஓரம் தைத்து நாலு நாடா வைத்தாயிற்று. மிஷின் ஓடாது, கையால்தான் தைத்தேன். வாக்கரின் முன்கம்பியில் கட்டிக்கொள்ளலாம். கனமான எதையும் போடக் கூடாது, முன்பக்கம் சாய்ந்துவிடும்.

வளைந்த கைப்பிடியை எறியவில்லை. கீழே விழுந்த துண்டை அவள் குனியாமல் இழுக்க உதவும்.

ஜூன் 7, சனி

அம்மாவுக்குக் காய்ச்சல். இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம்.

ஜூன் 8, ஞாயிறு

இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் கூடாது. டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் பாதி நாள் தரையில் நடப்பது. அருவாமனையைக் காலால் அமுக்கிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கும்போதுதான் ஊர்க் கதை எல்லாம் வரும். கத்தி கொடுத்தால் "இதுல வெட்டுனா ருசி வராது" என்பாள்.

ஓடாத தையல் மிஷினின் தலையைக் கழற்றி, மேல்பலகையில் அருவாமனையைப் பொருத்திப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் அலகு நெஞ்சுக்கு நேரே நின்றது. நாலு காய்க்கே தோள் கடுத்தது. அவளுக்கு இது ஆகாது.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். பலகை, சக்கரம், பெல்ட் எதுவும் வேண்டாம். இரும்புக் கால் மட்டும் போதும், அந்தக் கனத்தில் அசையவே அசையாது. இரண்டு பக்க இரும்புப் பின்னல்களுக்கு நடுவே, 45 சென்டிமீட்டர் உயரத்தில், உடைந்த கட்டிலின் சட்டத்தைக் குறுக்கே செருகி போல்ட் போட்டேன். அதன்மேல் அருவாமனையை இரண்டு போல்ட், வாஷரோடு இறுக்கினேன். கால் அமுக்குகிற வேலையை இப்போது போல்ட் செய்கிறது. பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி அலகுக்கு உறை. ஒரு பூசணிக் கீற்றை வைத்து அழுத்தினேன், ஆடவில்லை.

ஆனால் அவள் இதன் முன்னால் உட்காருவாளா? இரவு முழுக்க அதுதான் ஓடியது.

ஜூன் 9, திங்கள்

காய்ச்சல் 99. அவள் அறை விசிறிக்கு 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் மாற்றினேன்.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா ஓடுகளைக் குப்பையில் போடப் போனாள். கத்திவிட்டேன். பாவம், அவளும் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

மானாமதுரைப் பானை, கடம் செய்கிற ஊர் மண். வாங்கி ஏழு கோடை ஆயிற்று. வாய்ப்பகுதி முழுசாக இருக்கிறது, மற்றதெல்லாம் சில்லு.

பிடி போன பக்கெட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். திருப்புளியைச் சூடாக்கி அடியில் ஆறு ஓட்டை. புகை மூக்கில் ஏறும், வீட்டுக்குள் இதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சில்லு, வளைந்த முதுகு மேலே இருக்கும்படி. அப்போதுதான் தண்ணீர் வடியும், மண் நிற்கும். அதன்மேல் செம்மண், நார்க்கழிவு, சாணி உரம். பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த கற்பூரவல்லிக் குச்சி நாலு ஊன்றினேன்.

ஒரு சில்லில் சுண்ணாம்பு மாதிரி தண்ணீர்க் கறை, உள்பக்கம். அதை மட்டும் போடவில்லை.

ஜூன் 11, புதன்

காய்ச்சல் இல்லை. வராண்டாவில் ஒன்பது அடி நடந்தாளாம். அக்கா எண்ணியிருக்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

நாளை காலை கூட்டிப் போகலாம் என்கிறார்கள். வாக்கர் காலுக்கான ரப்பர் புஷ் நாலும் கடையில் புதிதாக வாங்கினேன், அதில் மட்டும் பழசு கூடாது. அருவாமனையைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாளாம், "அலகு கொஞ்சம் வலப்பக்கம் திரும்பணும்." ஸ்பேனர் எடுக்கப் போகிறேன்.