தோட்டத்து முன்பள்ளியைப் பதிவு செய்த அனுபவம்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஒன்றைப் பதிவு செய்ய முனைந்தபோதுதான், நாலு வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பானவர்கள் எத்தனை இடங்களில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கியது. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பழைய பிள்ளைக் காம்பரா, இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையமாகிவிட்டது, தோட்டக் கம்பனியைச் சேர்ந்தது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதற்குத் துணை நிற்கிறது. முன்பள்ளியோ மாகாண சபையின் கீழ் வருகிறது. நிறை பார்ப்பதும் தடுப்பூசியைக் கவனிப்பதும் சுகாதாரப் பகுதியின் மிட்வைப் (குடும்பநல மருத்துவமாது). தரம் 1இல் சேர்ப்பது பாடசாலை அதிபர்.

காம்பராவை ஒட்டியிருந்த வெற்று அறையைத்தான் கேட்டோம். பதிவு இருந்தால் அறை தரலாம் என்றது ஒரு பக்கம், அறைக்குக் கடிதம் இருந்தால் பதியலாம் என்றது மறுபக்கம். படிவமும் சிங்களத்தில் மட்டுமே கிடைத்தது. தமிழும் ஆட்சிமொழியாகப் பல்லாண்டுகள் ஆன பின்பும் தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததை இங்கே பதியாமல் விட மனமில்லை. கடைசியில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், கோயில் கமிட்டியார், காம்பராவின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோர் ஒன்றாகப் போய்த் தோட்ட முகாமையாளரான துரையைச் சந்தித்து, பணம் எதுவும் கேட்காமல், பகல் வரை அறையைப் பாவிக்க ஒரு கடிதம் மட்டும் கேட்டார்கள். கடிதம் கிடைத்தது. கூரைத் தகரத்தைக் கோயில் கமிட்டி, திருவிழாவில் மிஞ்சிய காசில் மாற்றிக் கொடுத்தது.

ஆனால் உண்மையான சிக்கல் நேரத்தில் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா விடிந்ததும் பிள்ளையைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறார். முன்பள்ளி எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிகிறது. அந்த நேரத்தில் கொழுந்து நிறுக்காமல் இறங்கி வர அவரால் முடியாது. அதனால், பிள்ளைகளைக் காலையில் எங்கள் அறைக்குக் கூட்டி வருவதும் முடிந்ததும் மீண்டும் பொறுப்பேற்பதும் காம்பரா ஆயம்மாவின் வேலை என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டோம். பிள்ளை கைமாறும் நேரத்தைக் குறிக்க ஒரு கொப்பி வைத்தோம். பல கூட்டங்களில் பேசப்பட்ட திட்டங்களைவிட அந்தக் கொப்பிதான் பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது என்பது என் எண்ணம்.

பிறப்புச் சான்றிதழ் விடயத்தில் மிட்வைப் பெரிதும் உதவினார். பிறந்து 42 நாட்களுக்குள் பதியப்பட வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிளினிக் கொப்பியைப் பார்த்து, சான்றிதழ் இல்லாத பிள்ளைகளை அவர் இனங்கண்டு சொன்னதால், தரம் 1இல் சேர ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளைகளின் பத்திரங்களை விண்ணப்பக் காலத்துக்கு முன்பே கிராம சேவையாளர் மூலம் சரிப்படுத்த முடிந்தது. ஐந்து வயதுத் தடுப்பூசியையும் அவரே நினைவூட்டினார்.

பெற்றோருக்கோ வேறு கவலை. "எழுத்துச் சொல்லிக் குடுக்கலையா, டீச்சர்? வெளையாட்டுத்தானா?" என்று கேட்டார்கள். பக்கத்துப் பாடசாலையின் தரம் 1 ஆசிரியையைப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தோம். அவர் ஒரு சின்னச் சட்டையையும் மூடி இறுகிய சாப்பாட்டுப் பெட்டியையும் மேசையில் வைத்து, முன்னால் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றாவது பொத்தானில் தடுமாறினான். பெட்டி திறக்கவே இல்லை. இந்த விரல்களைத்தான் முதலில் பழக்குங்கள், சிலேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். அதற்குப் பிறகும் இரண்டு தகப்பன்மார் வீட்டில் 'அ' எழுதப் பழக்கத்தான் செய்தார்கள், தடுக்கவில்லை.

பதிவு கிடைத்துவிட்டது. ஆசிரியைக்கான கொடுப்பனவு இன்னும் பெற்றோரின் மாதக் கட்டணத்திலேயே தங்கியிருக்கிறது. பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகே அது கைக்கு வரும் என்பதாலும், மழை மாதங்களில் பேர் (வேலை நாள்) குறையும்போது கட்டணமும் குறைவதாலும், அதில் ஒரு பங்கைக் கம்பனி ஏற்க வேண்டுமெனத் தலைவர் மூலம் இப்போது எழுதியிருக்கிறோம்.