ஹேதார்ன்த்வெய்ட் வரைபடம்: பெயர் வலை ஒருவழியாகச் சரியாக விழுந்தது

ஹேதார்ன்த்வெய்ட் என்ற ஆங்கிலேயக் குடும்பப்பெயர் உள்ளவர்கள் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கெங்கே இருந்தார்கள் என்று காட்டும் வரைபடம் தேறிவிட்டது. பல மாதங்களாக இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கம்பர்லாந்து பக்கம் ஒரு பெரிய சிவப்புத் திட்டு வந்து படத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது இப்போது இல்லை. வட லங்காஷயரில், போலண்ட் காட்டுப்பகுதியின் மேற்கு ஓரத்தில்தான் நிறம் அடர்த்தியாகக் குவிந்திருக்கிறது. பெயர் பிறந்த இடமும் அதுதான். இந்தப் படத்தைப் பார்க்கும்போது வரும் திருப்தியை அரிய பெயர்களோடு மல்லுக்கட்டுபவர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பெயரை எடுத்ததற்குக் காரணம், இதன் வேர் ஒரே இடத்தில் இருப்பது. ஓவர் வயர்ஸ்டேல் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஹாதார்ன்த்வெய்ட் என்ற இடம் இருக்கிறது. அதன் தலைமாட்டில் அதே பெயரில், 480 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு மொட்டைக் குன்று. இடைக்காலத்தில் இது வேட்டைக் காடு. லங்காஸ்டர் டச்சி எனப்படும் பிரபு நிலச்சொத்தின் மாட்டுப் பண்ணைகள் இந்தப் பள்ளத்தாக்கில் வரிசையாக இருந்தன. ஆபிஸ்டெட், மார்ஷா, டார்ன்புரூக் போல ஹாதார்ன்த்வெய்ட்டும் அதில் ஒன்று. முள்மரம் நின்ற இடத்தை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். பின்பாதி, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ்காரர்கள் விட்டுப்போன சொல். போஸ்ல்த்வெய்ட், பிரெய்த்வெய்ட், மிக்கில்த்வெய்ட் எல்லாம் இதே வால் கொண்டவைதான். ஆனால் பிரெய்த்வெய்ட் என்ற பெயரில் வட இங்கிலாந்தில் பல ஊர்கள் உண்டு. எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பிரிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும். ஹேதார்ன்த்வெய்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து வரும் பெயர் இது (Haythornthwaite). எழுதத் தெரியாத மாட்டுக்காரர் வாயால் சொல்ல, பாதிரியாரோ கணக்கெடுப்பாளரோ காதில் விழுந்தபடி எழுதியது. மூன்றாவது எழுத்து ஒய்யாக இருந்தால் ஹேதார்ன்த்வெய்ட். டபிள்யூவாக இருந்தால் ஹாதார்ன்த்வெய்ட். இரண்டுமே இல்லாமல் ஹதார்ன்த்வெய்ட்டும் உண்டு. வால் பகுதி தேய்ந்து 'வெய்ட்' ஆகும், 'வைட்' ஆகும். சாட்டர்த்வெய்ட் அமெரிக்கா போய் சாட்டர்வைட் ஆனதும், கூப்பர்த்வெய்ட் தெற்கே இறங்கி காப்பர்வீட் ஆனதும் இதே வழியில்தான்.

எல்லோரும் செய்வதுபோல முதலில், ஒலியை வைத்துப் பெயரைக் குறியீடாக்கும் சவுண்டெக்ஸைத்தான் ஓட்டினேன். இந்த வகைப் பெயருக்கு சவுண்டெக்ஸ் துளியும் உதவாது. முதலெழுத்து, அதன்பின் மூன்று மெய்யெழுத்துகளுக்கான எண்கள், அவ்வளவோடு அது நின்றுவிடுகிறது. ஹேதார்ன்த்வெய்ட்டுக்குக் கிடைக்கும் குறியீடு எச்365. அதாவது 'தார்ன்' முடியும் இடத்திலேயே கணக்கு முடிந்துவிட்டது. 'த்வெய்ட்' என்ற வால், பெயரின் உயிரே அதுதான், குறியீட்டுக்குள் வரவேயில்லை. ஹாதார்ன் என்ற சாதாரணப் பெயரும் எச்365. அதைவிட மோசம், ஹெதரிங்டனும் எச்365. ஹெதரிங்டன் என்பது கம்பர்லாந்து எல்லைப்பகுதியில் கொட்டிக் கிடக்கும் பெயர். அந்தச் சிவப்புத் திட்டு முழுக்க ஹெதரிங்டன்களுடையது.

இன்னொரு பக்கம், பிடிக்க வேண்டியதை அது விட்டுவிடுகிறது. லங்காஷயர் பேச்சில் முதலெழுத்து எச் விழுந்துபோவது வழக்கம். கணக்கெடுப்பாளர் 'ஏதார்ன்த்வெய்ட்' என்று எழுதியிருந்தால் குறியீடு ஏ365 ஆகிவிடும். சவுண்டெக்ஸைப் பொறுத்தவரை அது சம்பந்தமே இல்லாத இன்னொரு பெயர். 1918இல் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை வாங்கிய முறை அது. அட்டைப்பெட்டியில் அட்டைகளை அடுக்குவதற்கு உருவானது. அதை இன்னும் பல தேடல் தளங்கள் 'ஒலி ஒத்த பெயர்கள்' என்று காட்டிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

அடுத்து லெவன்ஷ்டீன் தூரம். இரண்டு பெயர்களுக்கு நடுவே எத்தனை எழுத்தை மாற்ற, நீக்க, சேர்க்க வேண்டும் என்ற எண்ணிக்கை. ஹேதார்ன்த்வெய்ட்டுக்கும் ஹாதார்ன்த்வெய்ட்டுக்கும் தூரம் 1. ஹேதார்ன்வைட்டுக்கு 3. சரி, வரம்பை 3 என்று வைத்துவிடலாம் என்று தோன்றும். வைத்தவுடன் தார்ன்த்வெய்ட் என்ற தனிப்பெயர் மொத்தமாக உள்ளே வந்துவிடுகிறது; முன்னால் உள்ள மூன்று எழுத்து போனால் தூரம் சரியாக 3. தார்ன்த்வெய்ட் என்பது கம்பர்லாந்தின் கெஸ்விக் பக்கத்து ஊர்ப்பெயர், நம் குடும்பத்தோடு ஒட்டாது. வரம்பை 2 ஆக்கினால் வைட்கள் எல்லாம் வெளியே. எந்த ஒற்றை எண்ணும் இதைத் தீர்க்காது.

தீர்த்தது தலையையும் வாலையும் தனித்தனியாக வெட்டியது. தலைக்கு ஒரு பட்டியல்: ஹேதார்ன், ஹாதார்ன், ஹதார்ன், ஹதர்ன், இவை ஒவ்வொன்றும் எச் இல்லாமலும். வாலுக்கு ஒரு பட்டியல்: த்வெய்ட், ட்வெய்ட், வெய்ட், வைட், வீட், ஒய் போட்டு எழுதிய பழைய வடிவங்கள். எச் உள்ள தலையில் ஒரு எழுத்துப் பிழை வரை மன்னிப்பு, எச் இல்லாத தலை அப்படியே பொருந்த வேண்டும், வாலில் ஒரு எழுத்துப் பிழை வரை மன்னிப்பு. இரண்டுமே பொருந்தினால்தான் உள்ளே. ஹாதார்ன் வாலில்லாமல் நின்றுவிடும். ஹெதரிங்டன் இரண்டிலும் தோற்றுவிடும். தார்ன்த்வெய்ட்டுக்குத் தலை பொருந்தாது. ஓட்டிய முதல் தடவையே கம்பர்லாந்து வெளுத்துவிட்டது.

ஆனால் உண்மையான பரிசு அதற்கப்புறம் கிடைத்தது. நீளமான பெயரைக் கணக்கெடுப்பாளர் நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருக்கும் இடங்களில், பெயர்த்து எழுதியவர் 'ஹே' என்பதை நடுப்பெயராக எடுத்துக்கொண்டு, குடும்பப்பெயரைத் தார்ன்த்வெய்ட் என்று பதிந்திருக்கிறார். இவை எந்த ஒலிக்குறியீட்டிலும் அகப்படாது. அதனால் ஒரு தனி விதி: குடும்பப்பெயர் தார்ன்த்வெய்ட், முதற்பெயர்க் கட்டத்தின் கடைசிச் சொல் 'ஹே' அல்லது 'ஹா', பிறந்த ஊர் லங்காஷயர் என்றால் அந்த வரியைத் தனியாக எடுத்து மூலப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்ப்பது. எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் மொத்தமே கையளவு உள்ள பெயருக்கு ஒரு வீட்டில் ஏழு பேர் விடுபட்டால் ஒரு பதிவு மாவட்டத்தின் (பிறப்பு, இறப்பைப் பதியும் பிரிவு) நிறமே மாறிவிடும். மற்ற த்வெய்ட் பெயர்களில் வேலை செய்பவர்கள் இதை ஒருமுறை அவசியம் சோதித்துப் பாருங்கள்.

படங்களைப் பார்க்கும் வேலையில் ஒரு கட்டணத் தளத்தோடு பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தனியாகக் காசு பிடிக்கிறார்கள். முந்தைய பக்கத்தில் தொடங்கிய குடும்பத்தை முழுதாகப் பார்க்க இன்னொரு கட்டணம். 1881க்கு எழுத்துப் பெயர்ப்பு இலவசமாகக் கிடைப்பது பெரிய புண்ணியம். குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் தன்னார்வலர்களும் மார்மன் திருச்சபையினரும் சேர்ந்து கையால் எழுதித் தந்தது, ஃபேமிலிசர்ச் தளத்தில் இருக்கிறது. எல்லைக்கோடுகளுக்கு போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் புவியியல் தொகுப்பைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. பதிவு மாவட்ட எல்லைகளை அப்படியே க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றலாம்.

எல்லை என்றதும் ஒன்று. லங்காஷயர் போன்ற கவுன்டி என்ற பெரிய நிர்வாகப் பிரிவு வாரியாக மட்டும் வரைந்து நிறுத்திவிடாதீர்கள். 1881இல் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர். லங்காஷயரில் மட்டும் சுமார் 34.5 லட்சம். அதாவது எங்கும் சமமாகப் பரவிய பெயராக இருந்தால்கூட நூற்றுக்குப் பதிமூன்று பேர் லங்காஷயரில் இருப்பார்கள். மான்செஸ்டரும் லிவர்பூலும் உள்ள கவுன்டி அது. எந்தப் பெயரைப் போட்டாலும் கொஞ்சம் சிவக்கும். அதோடு போலண்ட் காடே இரண்டு கவுன்டியில் கிடந்தது. ஸ்லெய்ட்பர்ன் பக்கம் 1974 ஏப்ரல் வரை யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங் என்ற பிரிவில் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெண் கட்டிக் குடியேறியவரெல்லாம் கவுன்டி வரைபடத்தில் வேற்று நாட்டுக்காரர் ஆகிவிடுகிறார். பதிவு மாவட்டத்துக்கு இந்தக் கோளாறு குறைவு, கிளிதரோ மாவட்டம் இரண்டு கவுன்டியின் பாரிஷ்களையும் (திருச்சபைப் பங்குகளையும்) சேர்த்தே எண்ணியது.

மாவட்டம் சின்னதானால் விகிதம் துள்ளும் என்பது தெரிந்ததே. கார்ஸ்டாங் போன்ற கிராமப்புற மாவட்டத்தில் நாலைந்து வீடு இருந்தாலே உச்சிக்குப் போய்விடும். பிளாக்பர்னில் அதைவிட அதிகம் பேர் இருந்தும் ஆலை ஊரின் ஜனத்தொகையில் கரைந்துவிடுவார்கள். அதனால் நிறத்துக்கு விகிதம், அதன்மேல் வட்டத்தின் அளவுக்கு ஆள் எண்ணிக்கை என்று இரண்டையும் ஒரே படத்தில் போட்டேன். மலையில் தங்கியவர்களும் பருத்தி ஆலைகளைத் தேடி இறங்கியவர்களும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரிகிறார்கள்.

இதைவிடவும் நான் ரசித்தது இரண்டாவது படம். வசிக்கும் ஊரை விட்டுவிட்டு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிறந்த ஊரை மட்டும் எடுத்து வரைந்தது. 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த கணக்கில் 60 தாண்டியவர் என்றால் 1821 வாக்கில் அல்லது அதற்கு முன் பிறந்தவர். ஒரே கணக்கெடுப்பிலிருந்து இரண்டு தலைமுறை பின்னால் போய்விடலாம். பிளாக்பர்ன், பர்ன்லி வட்டங்கள் சுருங்கிப் புள்ளிகள் வயர் ஆற்றின் மேல்பகுதியை நோக்கி நகர்வதைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. ஒரே இடைஞ்சல், பிறந்த ஊர்க் கட்டத்தில் பலர் வெறும் 'வயர்ஸ்டேல்' என்று சொல்லியிருப்பது. ஓவர் வயர்ஸ்டேல் லங்காஸ்டர் மாவட்டம், நெதர் வயர்ஸ்டேல் கார்ஸ்டாங் மாவட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு தனிப் புள்ளியாகத்தான் அவர்களை இப்போதைக்கு வைத்திருக்கிறேன். 1851, 1861 கணக்குகளில் அதே ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இணையத்தில் இந்தப் பெயரைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கு பார்த்தாலும் எதெல் ஹேதார்ன்த்வெய்ட்தான் வருவார். மத்திய இங்கிலாந்தின் மலைப்பகுதியான பீக் மாவட்டத்தின் இயற்கையைக் காக்கப் போராடிய ஷெஃபீல்டுக்காரர். 2021இல் அங்குள்ள 95 குன்றுகளுக்கு அவர் நினைவாக 'எதெல்கள்' என்றே பெயரிட்டுவிட்டார்கள். மிகப் பெரிய மனுஷி. ஆனால் பிறப்பால் அவர் வார்டு குடும்பம். 1937இல் ஜெரால்டு ஹேதார்ன்த்வெய்ட்டை மணந்ததால் வந்த பெயர் இது. ஷெஃபீல்டை ஒரு தனிக் கிளை என்று குறித்துவிடாதீர்கள்.

அடுத்தது மரபணு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் 40 பெயர்களை, 1,678 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அட்டன்பரோ பெயர் கொண்ட ஆண்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமில் ஒரே வகை. ஸ்மித்தில் அப்படி எதுவும் இல்லை. அட்டன்பரோவும் நாட்டிங்ஹாம்ஷயரில் ஒற்றை ஊர்ப்பெயர்தான். ஹேதார்ன்த்வெய்ட்டும் அப்படி ஒரே மூதாதையிடம் போய் முடியுமா, அல்லது பண்ணையை விட்டு வெளியேறிய இரண்டு மூன்று குடும்பங்கள் தனித்தனியாக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டனவா என்பதுதான் எனக்குள்ள பெரிய கேள்வி. என் ஊகம் இரண்டாவது. பல குடும்பங்கள் மாடு மேய்த்த பண்ணை அது. வெளியூரில் போய் நின்றால் யாரையும் 'ஹாதார்ன்த்வெய்ட்காரன்' என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்.

அதைச் சோதிக்க, அரசுப் பதிவு தொடங்கிய 1837க்கு முந்தைய பதிவுகள் வேண்டும். வீட்டின் அடுப்புகளை எண்ணி விதித்த 1660களின் அடுப்பு வரிப் பட்டியலை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறேன். ஞானஸ்நானங்களுக்கு லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளம், அதுவும் இலவசம், தேடலும் நன்றாக இருக்கிறது. ஆனால் பாரிஷ் பதிவேடு மட்டும் போதாது. வயர்ஸ்டேலில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தார்கள். அவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. திருமணத்தை ஆங்கிலத் திருச்சபையில்தான் நடத்த வேண்டும் என்ற 1753 சட்டத்திலிருந்தும் அவர்களுக்கு விலக்கு இருந்தது. அவர்களுடைய பதிவேடுகள் தனியாக தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மாதங்களை எண்ணால்தான் எழுதுவார்கள். 1752க்கு முன் 'முதல் மாதம்' என்றால் மார்ச். தேதிகளை மாற்றும் சின்ன நிரலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தலை-வால் பட்டியலில் 17ஆம் நூற்றாண்டு எழுத்து வடிவங்களையும் சேர்க்க வேண்டும். த்வெய்ட் பெயர்களில் அந்தக் காலத்து வடிவங்களைத் தொகுத்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் பட்டியலைப் பகிருங்கள், என் வால் பட்டியலை முழுதாகத் தருகிறேன்.