பதினாலு கொட்டான்

கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்காகப் பரணி இறங்கிவிடும். ஊறுகாய் போடுகிற பழைய பீங்கான் பரணிதான், அம்மா வைத்திருந்தது. கழுவி, வெயில் காட்டி, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, உலர்திராட்சை, கறுப்புத் திராட்சை, பேரீச்சம்பழம், செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போட்டு, பழம் முங்குகிற அளவுக்கு ரம் ஊற்றித் துணி கட்டி மூடி வைப்பேன். வாரம் ஒருமுறை திறந்து மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். அந்த வாசனை வந்துவிட்டால்தான் எனக்கு டிசம்பர் தொடங்கும்.

தூத்துக்குடியில் எங்கள் வளவில் இருக்கிறவர்கள், சொந்தக்காரர்கள், கோயிலில் பாடகற்குழுவில் கூட நிற்கிறவர்கள் என்று மொத்தம் பதினாலு வீடு. வீட்டுக்கு ஒரு கொட்டான். உள்ளே 400 கிராம் கேக் ஒன்று, பத்துப் பன்னிரண்டு மக்ரூன். கொட்டான் மணப்பாட்டில் பின்னிய பனையோலைப் பெட்டி. பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் கேக் வேர்த்துவிடும். ஓலைக்குள் பட்டர் பேப்பர் சுற்றி வைத்தால் வேர்ப்பதில்லை, கையில் வாங்கும்போதே ஒரு மரியாதையும் இருக்கிறது.

அம்மா காலத்தில் வீட்டில் அடுப்பு வசதி கிடையாது. மாவை அடித்துத் தட்டில் ஊற்றித் தெருக்கோடி பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பன் வெந்து முடிந்த பிறகு விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் எங்கள் தட்டுகளை உள்ளே தள்ளுவார்கள். யார் தட்டு எது என்று தெரிய மாவின்மேல் முந்திரியால் எழுத்துப் போட்டிருப்போம். இப்போது என்னிடம் கேக் வேக வைக்கிற சின்ன மின் அடுப்பு, ஓடிஜி, இருக்கிறது. ஒரு ஈட்டுக்கு இரண்டு கேக்தான் வேகும். அதனால் ஒரு நாள் முழுக்க அடுப்படியிலேயே கழியும். எனக்கு அது பிடித்த நாள்.

என் கணக்கு இது: மைதா, வெண்ணெய், சீனி மூன்றும் அரைக் கிலோ, முட்டை பத்து, ஊறிய பழம் முக்கால் கிலோ. ஆறு கேக் வரும். பரிசாகக் கொடுக்கிற கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அப்படிச் செலவு கட்டுப்படாத வருசம் வீட்டு எண்ணிக்கையைக் குறைக்காமல் கேக்கின் அளவைக் குறைத்துக்கொள்வேன். முட்டை குளிர் விட்டிருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றினால் அடித்த வெண்ணெய் திரிதிரியாகிவிடும். பழத்தை வடித்து, கொஞ்சம் மைதாவில் புரட்டிவிட்டுச் சேர்த்தால் அடியில் போய் உட்காராது.

கேக்குக்கு நிறம் கொடுப்பது கருக்கிய சீனி. பலபேர் பயந்து பாதியில் இறக்கிவிடுகிற இடம் இதுதான். கனமான சட்டியில் கால் கிலோ சீனியை வெறுமனே போட்டு மிதமான தீயில் வைக்க வேண்டும். முதலில் ஓரம் இளகும், பிறகு முழுவதும் தேன் நிறத்துக்கு வரும். அங்கே நிறுத்தினால் வெறும் இனிப்புத்தான் கிடைக்கும். செம்மண் நிறம் தாண்டி, நுரை பொங்கி, புகை எழும்பி, கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு வந்த நொடியில் தீயை அணைத்து, தள்ளி நின்றுகொண்டு அரை டம்ளர் வெந்நீர் ஊற்ற வேண்டும். 'சொய்ங்' என்று சீறித் தெறிக்கும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. நாலு விநாடி தாமதித்தாலும் கரிக் கசப்பு வந்துவிடும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன்.

முதல் ஈடு எதிர்வீட்டு ஆச்சிக்கு. அவர்கள் சைவம். தயிரும் சமையல் சோடாவும் போட்டு முட்டை இல்லாமல் செய்ய வேண்டும். அவர்கள் கேக்குக்கென்று தனித் தட்டு, தனிக் கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறேன். முட்டைக் கேக் எதுவும் உள்ளே போவதற்கு முன்னாலேயே அது வெந்து வெளியே வந்துவிடும். மேல்வீட்டு லாத்தா முஸ்லிம், ரம் ஆகாது. அவர்கள் பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் ஒரு கொதி விட்டு, ஆற வைத்து, ஒரு வாரம் மட்டும் ஃப்ரிட்ஜில் ஊற விடுவேன். ரம் கேக்குக்குச் சிவப்பு நூல், சாறு போட்டதற்குப் பச்சை, முட்டையில்லாததற்கு வெள்ளை. ஒருவர் வாயில் வைக்கக் கூடாத ஒன்று நம் வீட்டிலிருந்து போய்விடக் கூடாது. நூலை நானேதான் கட்டுவேன், மகளிடம்கூடக் கொடுப்பதில்லை.

கேக் எல்லாம் வெந்து முடிந்த பிறகு, இரவில் மக்ரூன். தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. காலையிலேயே ஆறு முட்டையைப் பிரித்து வெள்ளையை எடுத்து வைத்துவிடுவேன். மஞ்சள் கரு ஆறும் கேக் மாவுக்குள் போகும், அதற்கு மூன்று முழு முட்டை குறைத்துக்கொள்ளலாம். முந்திரியை விட்டு விட்டு அரைக்க வேண்டும், எண்ணெய் விட்டால் போச்சு. வெள்ளைக்கருவை அடித்துச் சீனி சேர்த்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்த பிறகு முந்திரித் தூளைக் கையாலேயே மெதுவாகக் கலப்பேன். காகிதக் கூம்பில் நிரப்பிப் பிழியும்போது கடைசியில் ஒரு சின்ன வெட்டு வெட்டி மேலே இழுத்தால் அந்தக் கூர்மூக்கு நிற்கும். 100 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் அடுப்பை அணைத்து விடியும்வரை உள்ளேயே விட்டுவிட வேண்டும். மழைக் காற்றுப் பட்டால் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். அதனால் ஆறியதும் எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டுவிட்டு, கொடுக்கிற அன்றைக்குத்தான் கொட்டானில் வைப்பேன்.

2023-ல் இந்த வேலையை டிசம்பர் 18, திங்கட்கிழமை வைத்திருந்தேன். சனிக்கிழமையே முட்டை, வெண்ணெய், முந்திரி எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஞாயிறு முழுக்க மழை விடவே இல்லை. லாத்தாவின் ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். திங்கள் விடியும்போது முற்றத்தில் முழங்கால் தண்ணீர், பத்து மணிக்கு அடுப்படிக்குள் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மைதா மூட்டையும் சீனியும் கீழ்த்தட்டில் இருந்தன, ஓடிஜியும்தான். கையில் அகப்பட்ட முட்டை அட்டையையும் முந்திரியையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம்.

லாத்தா வீட்டில் நாலு குடும்பம், பதினேழு பேர் நான்கு நாள் இருந்தோம். அவர்களிடம் சிலிண்டரில் கேஸ் இருந்தது. கேக்குக்கு வாங்கின முப்பது முட்டையும் அவித்து ஆளுக்கு ஒன்றாகவும், பிள்ளைகளுக்கு இரண்டாகவும் கொடுத்தோம். மக்ரூன் முந்திரியைப் பிள்ளைகள் பச்சையாகவே தின்றார்கள். காயலில் இருக்கிற அம்மாவிடமிருந்து தகவல் இல்லையே என்று லாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் யாரோ படகில் போய் வந்தவர் பார்த்துவிட்டு வந்து, "ஒங்க உம்மா மாடியில நல்லா இருக்காவ" என்று சொன்ன பிறகு, என் தோளில் சாய்ந்து அழுதார்கள். அந்த வருசம் பண்டிகைக்குக் கோயிலுக்குப் போய் வந்ததோடு சரி.

தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, வீடு கழுவி முடித்து, பரணில் கை விட்டால் பரணி அப்படியே இருக்கிறது. துணி கட்டியது கட்டியபடி. திறந்தேன், அதே வாசனை. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாளுக்குக் கேக் போட்டேன். ஓடிஜி ரிப்பேருக்குப் போயிருந்தது. குக்கரில் கல்லுப்பு பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக வேக வைத்தேன். ஒரு கேக்குக்கு ஒரு மணி நேரம் ஆனது, மேலே நிறம் ஏறவில்லை. சின்னச் சின்னதாகத்தான் வந்தன, ஆனால் பதினாலும் வந்தன. லாத்தாவுடையது சாறில்லாமல், பழத்தைச் சீனிப் பாகில் ஊற வைத்தது. பச்சை நூல் கட்டி மாடிக்குக் கொண்டுபோனபோது, "இந்த வருசமுமா யக்கா?" என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஆச்சியின் கொட்டான் பொங்கலுக்கு முந்திரிக்கொத்தோடு வந்தது. லாத்தாவுடையது மட்டும் வரக் காணோம். மார்ச்சில், நோன்பு தொடங்கிய இரண்டாம் நாள், தூக்குவாளியில் கஞ்சியும் கூடவே அந்தக் கொட்டானும் வந்தன. உள்ளே பேரீச்சம்பழம், காயல் உம்மா கொடுத்துவிட்டது. கொஞ்சம் தின்றோம். மிச்சத்தைக் கட்டி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்திருந்து, டிசம்பரில் கொட்டை எடுத்து நறுக்கி ஆரஞ்சுச் சாற்றில் போட்டேன், பச்சை நூல் கேக்குக்கு.