மணலில் கல் பொறுக்கிய அக்கா

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் வழியாக மூன்று நாள் நடை. ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாளன்று திருவிழா முடியும் வரை அந்தச் சாலையில் காவி உடுத்திய கூட்டம் ஓயாது. அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் மணல் பாதையில் முழங்காலில் வருகிறேன் என்று நேர்ந்திருந்தேன். முடிந்தது. கிளம்பினேன்.

எல்லோருக்கும் மாதா சப்பரத்தை ஒட்டியே நடக்க ஆசை. பாட்டு, ஜெபமாலை, ‘மரியே வாழ்க’ எல்லாம் அங்கேதான். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் மட்டும் கடைசி ஆளாக வந்தார். இரவு நடையில் அவர் கையில் ஒரு சிவப்பு விளக்கு. பின்னால் லாரி சத்தம் கேட்டதும் திரும்பி நின்று அதை ஆட்டுவார். காலில் கொப்புளம் வந்து பின்தங்கியவர்களுக்கும் அவர்தான் துணை. முன்னால் பாடுகிற பாட்டு அவர் காது வரை போய்ச் சேராது. திருவாரூர் தாண்டியதும், “கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன், நீங்க முன்னாடி போங்கண்ணே” என்றேன். “நீ போ தம்பி. பின்னால ஒரு ஆள் இருந்தாத்தான் முன்னால இருக்கிறவங்க பயமில்லாம பாடுவாங்க” என்றார். மூன்று இரவும் அப்படியே வந்தார்.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் பானை நிறைய நீர்மோர் வைத்திருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் மொண்டு மொண்டு ஊற்றினார். குடித்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை.

மோர் என்றாலே வேளாங்கண்ணியில் நடுத்திட்டு நினைவுக்கு வரும். கால் ஊனமான ஒரு சிறுவன், ஏழை விதவையின் மகன், அங்கே மர நிழலில் மோர் விற்றுக்கொண்டிருந்தான். கையில் குழந்தையோடு வந்த பெண்மணி குழந்தைக்கு மோர் கேட்டார். கொடுத்தான். நாகப்பட்டினத்துக்குப் போய் அங்கிருக்கும் செல்வந்தரிடம் சொல், எனக்கு இங்கே ஒரு ஆலயம் கட்டட்டும் என்றார். தன்னால் நடக்க முடியாதே என்றவன் எழுந்தான், நடந்தான், ஓடினான். ஆரோக்கிய மாதா என்று நாம் சொல்வது அதனால்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்தப் பையனின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பது இந்தத் தடவைதான் உறைத்தது.

மறுநாள் விடியற்காலை, கூட்டம் சேரும் முன்பே மணல் பாதைக்குப் போய்விட்டேன். பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவே போகிற பாதை அது. முழங்காலில் போகிறவர்களுக்காகவே மணல் பரப்பியிருக்கிறார்கள். வெளிச்சம் சரியாக வரவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா குனிந்து மணலை விரலால் அளைந்துகொண்டிருந்தார். எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, “என்னக்கா தேடுறீங்க?” என்றேன்.

“கல்லுப்பா” என்று முந்தானையை விரித்துக் காட்டினார். கூழாங்கல், உடைந்த சிப்பி, ஒரு கண்ணாடித் துண்டு, மெழுகுவர்த்தி உருகி இறுகிய கட்டிகள். யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. தன் மகளுக்காக ஒரு வருடம் இதே பாதையில் முழங்காலில் வந்தபோது ஒரு கல் குத்திக் கிழித்துவிட்டதாம். அதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்து இரண்டு விடியற்காலை பொறுக்கிவிட்டுப் போகிறார். “எல்லாத்தையும் எடுத்துட முடியுமா? கைக்குப் படுறதை எடுக்கிறேன்.”

இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர் கல்யாணம் எனக்கு நினைவுக்கு வந்தது. திராட்சை ரசம் தீர்ந்ததும் மாதா பந்தியில் இருந்த பெரியவர்களிடம் பேசவில்லை. பணியாளர்களிடம்தான், அவர் சொல்வதையெல்லாம் செய்யுங்கள் என்றார். ஆறு கற்சாடிகளையும் விளிம்பு மட்டும் நிரப்பியது அவர்கள்தான். அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் தன் நற்செய்தியில் எழுதுகிறார். அந்த வரியை எத்தனையோ பூசையில் கேட்டிருக்கிறேன். இயேசுவின் முதல் அற்புதத்தை உள்ளபடி அறியும் பேறு, குடம் தூக்கியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது! ஊரில் எங்கள் கோயில் மின்விசிறியில் உபயதாரர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், கொடுத்தவர் மனதாரக் கொடுத்தார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பீடத் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைக்கும் அத்தையிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எனக்கு வலித்தது.

சரி என்று நானும் குனிந்தேன். அரை மணி நேரம் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதிகம் பேசவில்லை. திருப்பலிக்கு மணி அடித்ததும் முந்தானையில் இருந்ததை ஓரமாகக் கொட்டிவிட்டு, “வரேன் தம்பி, அம்மாவுக்காகவும் வேண்டிக்கிறேன்” என்று போய்விட்டார். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

அப்புறம்தான் முழங்காலிட்டேன். கையில் மெழுகுவர்த்தி, உதட்டில் அருள் நிறைந்த மரியே. வெயில் ஏற ஏற மணல் சுட்டது. முன்னால் ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்தபடி நகர்ந்துகொண்டிருந்தார். பாதி தூரத்துக்கு மேல் வந்தபிறகு இடது முழங்காலில் சுருக்கென்று ஒன்று பட்டது. சின்னச் சிப்பித் துண்டு. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.