மூணு சொல்ற வரைக்கும் என்டர் தட்டாதீங்க

கணிதத்தில் பிஎச்.டி. சேர்ந்து இரண்டாம் வருடம். கைடு அறைக்குக் கூப்பிட்டு, "என்பிடெல்லில் லீனியர் அல்ஜீப்ரா எடுக்கிறேன், 12 வாரம். நீ டி.ஏ.வா இரும்மா" என்றார். என்பிடெல் என்பது இணையவழிப் பாடத் தளம், டி.ஏ. என்றால் பாடம் நடத்துபவருக்கு உதவியாளர். வீடியோக்கள் அவருடையவை. வாராவாரம் அசைன்மென்ட் கேள்வி தயாரிப்பது, சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவது, சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நேரலையில் கணக்குப் போட்டுக் காட்டுவது என் பங்கு. ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுட்டோரியல், லேப், திருத்தும் வேலை தரலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறை. எனக்குக் கேள்வி தயாரிக்கவே அந்த நேரம் போய்விட்டது.

நாலு விடையில் சரியானதை எழுதுவது சுலபம். மற்ற மூன்றுதான் உயிரை வாங்கும். ஒவ்வொன்றும் மாணவர் நிஜமாகவே செய்யக்கூடிய தப்பாக இருக்க வேண்டும். நாலாவது வாரம் விடைக்குறிப்பில் நானே ஒன்றைத் தப்பாகக் குறித்துவிட்டேன். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25. 12-இல் சிறந்த 8 கணக்கில் வரும். சும்மா விடுவார்களா? மெயிலாக வந்து குவிந்தது. குறிப்பைத் திருத்தி எல்லோருக்கும் மறுபடி மதிப்பெண் போட்டோம். கைடு திட்டவில்லை. "ராத்திரி போட்ட கணக்கைக் காலையில பழசைப் பார்க்காம இன்னொரு தரம் போடு" என்றதோடு விட்டுவிட்டார்.

நேரலைக்கு என்னிடம் பென் டேப்லெட் கிடையாது. ஹாஸ்டல் மேஜையில் இரண்டு பக்கமும் புத்தகத்தை அடுக்கி, குறுக்கே மர ஸ்கேலை வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்து வைத்தேன். கேமரா நோட்டைப் பார்க்கும். மேலே ஃபேன் ஓடினால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டி மை கலையும். தாளின் நாலு மூலையிலும் பைண்டர் கிளிப்பைப் போட்டுச் சமாளித்தேன்.

முதல் மூன்று வாரம் நான் நடத்தியது வகுப்பே இல்லை. கேமராவை அணைத்து வைத்த நாற்பது கறுப்புக் கட்டங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். "புரியுதா?" என்பேன். சாட்டில் ஆறேழு "யெஸ் மேம்" வந்து விழும், எப்போதும் அதே ஆறேழு பேர். அசைன்மென்டைப் பார்த்தால் பாதிப் பேருக்கு எதுவும் ஏறவில்லை. வகுப்பறையாக இருந்தால் கடைசி பெஞ்சின் முகமே சொல்லிவிடும். இங்கே எந்த முகத்தைப் பார்ப்பது?

சீனியர் அண்ணன் ஒருவர் ஒரு வழி சொன்னார். கேள்வியைப் போட்டுவிட்டு, "எல்லாரும் விடையை டைப் பண்ணி வச்சுக்கோங்க, நான் மூணு சொல்ற வரைக்கும் என்டர் தட்டாதீங்க" என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் விடையைப் பார்த்து எழுத முடியாது. தப்பு வந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும் என்பதால் தயங்குபவர்களும் எழுதுவார்கள்.

ஐந்தாவது வாரம் ஐகன் மதிப்பு. அணியால் (மேட்ரிக்ஸ்) பெருக்கியும் அதே கோட்டில் நிற்கும் வெக்டர்தான் ஐகன் வெக்டர், அது எத்தனை மடங்காகிறதோ அதுதான் ஐகன் மதிப்பு. நோட்டில் ஒரு அணி எழுதினேன்: மேல் வரிசை 2, 1, கீழ் வரிசை 0, 2. ஐகன் மதிப்பு 2, இரண்டு முறை வருகிறது. ஒன்றையொன்று சாராத ஐகன் வெக்டர் எத்தனை? ஒண்ணு, ரெண்டு, மூணு. சாட்டில் சரசரவென்று முப்பதுக்கு மேல் விடைகள், முக்கால்வாசி "2". விடை ஒன்றுதான், (1, 0) திசையை விட்டால் வேறு கிடையாது. அன்று அந்த ஒரே அணியில் நாற்பது நிமிடம் போனது. திட்டமிட்டிருந்த மற்ற மூன்று கணக்குகளைத் தொடவே இல்லை. முதல் தடவையாக ஒரு பையன் மைக்கை ஆன் செய்து, "அப்போ இதை டயகனலைஸ் பண்ண முடியாதா மேம்?" என்றான். அதாவது, மூலைவிட்டத்தில் மட்டும் எண் உள்ள அணியாக மாற்ற முடியாதா என்று. அதற்கு இரண்டு ஐகன் வெக்டர் வேண்டும், இங்கே ஒன்றுதான். எனக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

இனி சர்டிஃபிகேட் விஷயம். உதவிப் பேராசிரியர் பணி நேர்காணலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரு வருட கற்பித்தல் அனுபவத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஆனால் யுஜிசியின் 2018 விதிமுறைப்படி பிஎச்.டி. முடிக்க எடுத்துக்கொண்ட காலம் அனுபவமாகச் சேராது. வேலையில் இருந்தபடி, விடுப்பு எடுக்காமல் ஆய்வு செய்தால் மட்டும் விலக்கு. ஃபெலோஷிப்பில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பூஜ்யம். இது தெரியாமல் ஒரு கல்லூரி விண்ணப்பத்தில் அனுபவக் கட்டத்தை நிரப்பியிருந்தேன். சான்றிதழ் சரிபார்த்த அலுவலர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியும் கைடிடம் மணிக்கணக்கு, வேலை விவரத்தோடு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், சி.வி.யில் சேர்க்க உதவும்.

அதே கல்லூரியில் டெமோ வகுப்புக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். எதிரே மூன்று பேராசிரியர்கள், கையில் சாக்பீஸ். அதே அணியைப் போர்டில் எழுதி, "மூணு சொன்னதும் விரலைக் காட்டுங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே காட்டினார்கள். துறைத்தலைவர் காட்டியது இரண்டு விரல். ரிசல்ட் இன்னும் வரவில்லை.