மாட்டு ஊசியும் மோயாற்றுப் பாறுகளும்

நீலகிரியின் சீகூர்ப் பக்கம் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, காப்பாற்ற என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் மாட்டுக்கு என்ன வலி ஊசி போடுகிறார்கள்?

வெண்முதுகுப் பாறு மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு வைக்கிறது, கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறைகளில். ஆண்டுக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்தாறு வருடம் ஆகும். இப்படிப்பட்ட பறவையில் பத்து செத்தால், அந்தக் கணக்கு நேராக வெகுகாலம் பிடிக்கும்.

டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் நின்றுபோகும். யூரிக் அமிலம் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும். நூறு சடலங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே கூட்டம் அழியப் போதும். ஒரே மாட்டில் பல பாறுகள் சேர்ந்து தின்பதுதான் காரணம். 2006இல் கால்நடைக்கு இது தடையானது. ஆனால் மனிதருக்கான 30 மில்லி குப்பி கடையில் கிடைத்ததால் அதுவே மாட்டுக்கும் போயிற்று. 2015இல் மனித ஊசியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். இப்போது ஒரே ஆள் பத்து ஆம்பூல் கேட்டால் மருந்துக்கடைக்காரர் யோசிக்க வேண்டும்.

அசிக்ளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். அதையும் கீட்டோப்ரோஃபெனையும் 2023இல் தடை செய்தார்கள். நிமசுலைடும் பாறுகளைக் கொல்லும். தயங்காமல் கேட்டு வாங்க வேண்டியவை மெலாக்சிகாம், டால்ஃபினமிக் அமிலம் இரண்டும்தான்.

'மெலாக்சிகாம் கேட்காது' என்று பட்டிக்காரர்கள் சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் அளவுக் குறைவே காரணம். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால், 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தில் அது 30 மில்லி. பத்து மில்லி போட்டுவிட்டு மருந்தைக் குறை சொன்னால் எப்படி? தவிர, மடிநோய்க்கு வலி ஊசி மட்டும் போட்டால் வலி அடங்கும், நோய் அப்படியே இருக்கும். மருந்தின் பெயரும் தேதியும் உள்ள மருத்துவர் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மாடு செத்தால் சடலத்தை வெளியில் விடலாமா என்று முடிவெடுக்க அதுதான் உதவும்.

விடலாம் என்றால் எங்கே விடுவது? உண்ணிச்செடிப் புதருக்குள் இழுத்துப் போட்டால் வீண். நம் ஊர்ப் பாறுகள் மோப்பம் பிடிப்பதில்லை, மேலிருந்து கண்ணால் தேடுபவை. இறங்கவும், வயிறு நிறைந்தபின் ஓடி எழும்பவும் திறந்த தரை வேண்டும். சாலை, மின்கம்பி, வீடுகள் அருகில் வேண்டாம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வந்து செத்த மாட்டைத் தொடவே கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுத்தால் கிருமி மண்ணில் தங்கிவிடும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

புலி அடித்த மாடு வேறு கதை. கோபத்தில் அதன் மேல் வயலுக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தைத் தூவினால் புலி வருகிறதோ இல்லையோ, பாறும் நரியும் முதலில் விழும். வனவிலங்குக்கு விஷம் வைப்பது குற்றம் என்பதால் வழக்கும் வரும். சடலத்தை நகர்த்தாமல், காயமும் கால்தடமும் தெரிய ஃபோட்டோ எடுத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் சொல்ல வேண்டும். இழப்பீட்டுக்குக் கால்நடை மருத்துவரின் சான்றும் கேட்பார்கள். இழப்பீடு தாமதமாகிற ஊரில்தான் குருணை மருந்து வெளியே வருகிறது; இதைத் துறை புரிந்துகொள்ளாமல் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுப் பயனில்லை.

குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை பாறுகள் கூடு வைக்கும் காலம். ஆற்றோர மருதுகளுக்கு அடியில் தீ மூட்டுவதும், ட்ரோன் பறக்கவிடுவதும் அந்த மாதங்களில் கூடவே கூடாது.