பிரிபடாத பாகம்: மேற்கு மாம்பலத்தில் பழைய வீடு வாங்கிய அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் முப்பது ஆண்டுப் பழைமையான அடுக்ககம் ஒன்றில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கி, 2024ஆம் ஆண்டின் இறுதியில் பத்திரப்பதிவை முடித்தோம். தேடத் தொடங்கிய நாளிலிருந்து அதற்குப் பதினோரு மாதங்கள் ஆயின. அவற்றுள் நான்கு மாதங்கள், வாங்காமல் விட்ட வேறொரு வீட்டின் ஆவணங்களைப் படிப்பதிலேயே கழிந்தன. மறுவிற்பனை வீடு வாங்க நினைப்பவர்களுக்கு அந்த நான்கு மாதங்களில் கண்டதே அதிகம் பயன்படும் என்பதால், அதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பார்த்த வீடும் இதே பகுதியில்தான் இருந்தது. ஒன்றரை கிரௌண்டு, அதாவது 3,600 சதுர அடி மனையில், 1990களில் கட்டப்பட்ட பத்து வீடுகள். நல்ல காற்றோட்டம், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம், விலையும் எங்கள் கைக்கு எட்டியது. விற்பவரின் தாய்ப்பத்திரம் தெளிவாக இருந்தது. வங்கியின் சட்ட ஆலோசகரும் உரிமைத் தொடர்ச்சியில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முன்பணம் கொடுக்க நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தைய வாரம், எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர், "அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வில்லங்கம் பார்த்தால் போதாது தம்பி, மனை முழுவதற்கும் போட்டுப் பாருங்கள்" என்றார். அப்படியே விண்ணப்பித்து, சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றை வாங்கி மேசையில் விரித்து, ஒவ்வொரு கிரயப் பதிவுக்கும் எதிரே இருந்த பிரிபடாத பாகத்தின், அதாவது மனையில் எல்லை பிரிக்காமல் அந்த வீட்டுக்குச் சேரும் நிலப் பங்கின், அளவைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். பத்து வீடுகளுக்கும் தலா 360 சதுர அடி. அத்துடன் 3,600 தீர்ந்துவிட வேண்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் பதினோராவதாக ஒரு கிரயம் இருந்தது. மொட்டை மாடியில் பின்னர் எழுப்பிய அறை ஒன்றை, 180 சதுர அடி நிலப் பாகத்தோடு கட்டுநர் விற்றிருந்தார். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த அறை இல்லை. அந்த 180 சதுர அடி நிலமும் மனையில் இல்லை.

அடுக்ககத்தில் கட்டடத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போக, ஏறுவது நிலத்தின் மதிப்பு மட்டுமே. முப்பது ஆண்டுகள் கழிந்த கட்டடத்தில் அந்தப் பாகம்தான் ஏறக்குறைய முழுச் சொத்தும். நாளை கட்டடத்தை இடித்துக் கட்டுவது என்று வந்தால், யாருக்கு எத்தனை அடி புது வீடு என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம் என்பதால், அந்த நாள் முன்பைவிட விரைவில் வரக்கூடும். பாகங்களின் கூட்டுத்தொகை மனையின் அளவை மீறிய இடத்தில் அந்தக் கணக்கை யார் எப்படித் தீர்ப்பார்கள் என்று எங்கள் வழக்கறிஞரிடம் கேட்டேன். நீதிமன்றம்தான் என்றார். மிகுந்த மனவருத்தத்தோடு அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

இரண்டாவது வீட்டில் வரிசையை மாற்றிக்கொண்டேன்: வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே மனையின் வில்லங்கச் சான்றைப் பார்த்தேன். இரண்டு கிரௌண்டு மனையில் பன்னிரண்டு வீடுகள். எல்லாப் பாகங்களையும் கூட்டினால் 4,788 சதுர அடி, மனையோ 4,800. எங்கள் பாகம் 412. அதன் பிறகே படியேறினோம்.

கட்டடத்தைப் பார்க்க ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கட்டணம் கொடுத்து அழைத்துச் சென்றது நல்லதாயிற்று. குளியலறையின் மேல்தளத்தை அவர் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டும் ஓசை வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் மாறியது. பூச்சைச் சிறிது பெயர்த்தபோது உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. மேல்வீட்டுக் குளியலறையின் சங்கன் ஸ்லாபிலிருந்து, அதாவது குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திக் கட்டிய தளத்திலிருந்து, ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேசி முடித்தோம்.

தண்ணீரையும் விசாரித்தோம். 1920களில் மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்றும் இருப்பது அந்த ஏரியால்தான். ஆகவே 2015 டிசம்பர் வெள்ளத்தில் எவ்வளவு நீர் நின்றது என்று தரைத்தள வீட்டு அம்மாளிடம் கேட்டோம். அவர் மின்பெட்டிக்குக் கீழே சுவரில் ஓரிடத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். என் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. எங்கள் வீடு இரண்டாம் தளம் என்றாலும், கீழ்நிலைத் தொட்டியின் மூடியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்த பின்பே மனம் சமாதானமானது.

பதிவுச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்கி வைப்பது அவசியம். எங்களுக்கு முத்திரைத் தீர்வையும் மாற்றல் வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் ஆயிற்று. விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால், 1 சதவீதத்தை வாங்குபவரே பிடித்தம் செய்து, விற்பவரின் பெயரில் வருமான வரியாகச் செலுத்த வேண்டும். இதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் அழைத்தது முதல் புகைப்படம், கைரேகை முடியும்வரை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சொத்துவரி, குடிநீர் வரி, மின் இணைப்பு ஆகிய மூன்றிலும் பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. புதிய சட்டத்தின்கீழ் உரிமையாளர் சங்கத்தைப் பதிவு செய்யும் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கான முதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டு வீடுகளின் பாகங்களையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் சென்றேன். தங்கள் பாகம் எவ்வளவு என்பதை ஐந்து வீட்டார் அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள்.